சுழி

படகுக்கு நம்பர் எழுதுகிறவன் நான்.
கல்லறைக்கு ஏன் கூப்பிட்டார்கள் என்றால்
பாம்பனில் எழுத்து என்று யார் கேட்டாலும்
என் வீட்டைத்தான் காட்டுவார்கள்.

குந்துகால் ரோட்டில் உடைமரம் வெட்டிய பிறகுதான்
நாற்பத்தொரு கல் இருப்பது தெரிந்தது.
எல்லாம் முருகைக்கல்.
கடலுக்குள் வளர்ந்து கடல்காற்றில் கரைகிற ஜாதி.
எப்போதோ ஒரு புண்ணியவான்
பாதுகாக்கிறேன் என்று சிமெண்ட் பூசியிருக்கிறார்.
உப்பு உள்ளே நின்று ஊதி
முகத்தைத் தோலோடு பெயர்த்துவிட்டது.

உச்சிப்புளி காட்டுராசா
சுண்ணாம்பை இருபது நாள் ஊறப்போட்டார்.
பல் விளக்குகிற பிரஷால் ஒவ்வொரு கல்லாக.
சிமெண்டைச் சுரண்டும்போது
அவர் மூச்சு விடுவதில்லை.

எனக்குத் தகவல் பலகை. ஆறடிக்கு நாலடி.
எந்தக் கல்லில் என்ன இருக்கிறதென்று
வருகிறவர்கள் படிக்க.
முக்கால்வாசி ஒரே வரிதான்:
கரை செரநதவர.
பேர் இல்லை, புள்ளி இல்லை, நெடிலுக்குச் சுழி இல்லை.
அந்தக் காலத்தில் அப்படித்தான் வெட்டுவார்கள் என்றாள்
கல்லூரியிலிருந்து வந்த ரோஸ்லின்.
நீங்களாகச் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

பதினேழாம் கல்லில் வேலை நின்றது.

கொடியாள
மாரகழி 9

சுழி போடுய்யா, என்றார் கமிட்டித் தலைவர் ஞானாதிக்கம்.
கோடியாள். தனுஷ்கோடிக்காரி.
அங்கே போன கப்பல், அங்கே போன பிணம்.
கொடியாள் என்று கல்லில் எவன் வெட்டுவான்?

ஏன் வெட்டமாட்டான், என்றாள் பொருளாளர் பிரகாசி.
என் மாமியார் கல்லென்றால்
நானே கூலி கொடுத்து வெட்டச் சொல்லியிருப்பேன்.

கொடி மாதிரி இருந்திருப்பாள், என்றாள் ரோஸ்லின்,
யாரையும் பார்க்காமல்.

ஒரு கொம்பு.
அதன் தலையில் என் பிரஷ் ஒரு தரம் திரும்பினால்
அவளுக்கு ஊர் கிடைக்கும்.
திரும்பாவிட்டால் இடுப்பு கிடைக்கும்,
இல்லையென்றால் பழி.

ஞாயிறு நாலு மணிக்குப் பார்வை என்று வைத்தோம்.
பாலம் பார்க்க வந்த வேன்கள் பாதி வழியில் திரும்பின.
பேய் உண்டா என்று கேட்டவர்கள் ஒன்பது பேர்
(பிரகாசி நோட்டில் குறித்திருக்கிறாள்).
விருதுநகர் அம்மா ஒருத்தி
செருப்பைக் கழற்றிவிட்டு
ஒரு கல்லையும் விடாமல் சுற்றிவந்து
எதுவும் கேட்காமல் போனாள்.

தங்கச்சிமடம் பள்ளிப் பிள்ளைகள்
தாளை வைத்துக் கரி தேய்த்தார்கள்.
ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கத்தினான்:
சார், சுழி இருக்கு!
ஓடினோம்.
கொம்பின் தலைக்கு மேல், வெள்ளையாக, வட்டமாக.
காட்டுராசா விரல்நுனியை வைத்துப் பார்த்தார்.
உளி பட்ட இடமில்லை, என்றார்.
சிப்பி இருந்த குழி.
கொஞ்சம் பொறுத்து,
உளி பட்டிருந்தாலும் இருக்கும், என்றார்.

கல்லை நான் தொடவில்லை.
பலகையில் மூன்று பேரையும் எழுதினேன்.
எழுத்துக்கு மூன்று ரூபாய்.
மூன்றாவதுக்குக் காசு வாங்கவில்லை,
எது மூன்றாவது என்று
ஞானாதிக்கம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் இன்னாசி புது வல்லத்தோடு வந்தான்.
பேர் எழுதணும். பதினேழாம் கல்லில் இருக்கிற பேர்.
சுழி வேண்டுமா என்றேன்.
கல்லில் எப்படியோ அப்படி.
புள்ளி?
அதுவும் வேண்டாம்.

நீலத்தில் வெள்ளை எழுத்து. இரண்டு பூச்சு.
டோக்கன் கொடுக்கிற இடத்தில்
கண்ணாடியைத் தூக்கிப் பார்த்த எழுத்தர்
கொடியா, கோடியா,
தப்பா எழுதிப்புட்டா எனக்கு மெமோ வரும் என்றிருக்கிறார்.

திரும்பி வந்து சொல்றேன் என்று
இழுத்துவிட்டான் இன்னாசி.
வாடைக்காற்று இன்னும் விழவில்லை.
நான் கரையில்
பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன்.